வெட்கமா? உயிரா?

மாட்டின் மடியில் சிறு கட்டி கண்டால் அன்றைக்கே வைத்தியரைத் தேடி ஓடுகிற நம் குடியானவன், தன் மனைவியின் மார்பில் கட்டி கண்டு ஆறு மாதமானாலும் அசைவதில்லை. கேட்டால், "அவள் சொல்லவே இல்லை" என்கிறான். அவள் ஏன் சொல்லவில்லை? மார்பு என்ற வார்த்தையையே வாயில் எடுக்கக் கூடாதென்று அவளுக்குச் சிறு வயது முதல் கற்பித்து வைத்தவர்கள் ஆண்களல்லவா?

2022ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் புதிதாகக் கண்டது. அதே வருஷத்தில் அதனால் மாண்டவர்கள் சுமார் 98,000 பேர். அதாவது நோய் கண்ட தொகையில் பாதிக்கு மேல் சாவின் தொகை. அமெரிக்காவிலோ அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே. பணமும் ஆஸ்பத்திரியின் தூரமும் இதற்குக் காரணமென்பது உண்மைதான். ஆனால் கட்டி முற்றிய பிறகே இங்கு பெண்கள் வருகிறார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. 2019-21இல் சர்க்கார் எடுத்த குடும்ப நலக் கணக்கின்படி, 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் மார்பைப் பரிசோதித்துக் கொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை!

"எல்லாம் பூர்வ ஜென்மப் பாவம்" என்று சிலர் சொல்லுவார்கள். இவ்வியாதி கண்ட பெண்களில் பாதிப்பேருக்கு, பெண்ணாய்ப் பிறந்து வயதானதைத் தவிர வேறு தனிக் காரணமே இல்லை. நூற்றுக்கு ஒருவர் வரை ஆண்களுக்கும் இது வருகின்றது. பாவம் செய்தவளைத் தேடி வருகிற வியாதியானால், ஆரம்பத்தில் கத்தி வைத்தால் பிழைப்பதும் முற்றவிட்டால் மாளுவதும் எப்படி? கர்மம் வைத்தியருக்குப் பயந்து ஓடுமா?

நிற்க, இந்த வெட்கம் அமெரிக்காவிலும் இருந்ததுதான். அதை உடைத்தவர்கள் வியாதி கண்ட பெண்களே. டெரீஸ் லாசர் அம்மையார் 1952இல் மார்பு அறுபட்ட பின், ஒரு ரப்பர் பந்தும் கயிறும் எடுத்துக்கொண்டு, தம்மைப் போல் அறுபட்டுக் கிடந்த பெண்களின் படுக்கையருகே போய்க் கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். வைத்தியர்கள் சிலர் எதிர்த்தும் அவர் விடவில்லை. 1974இல் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டு அம்மையார் தமக்கு மார்பு அறுக்கப்பட்டதை ஒளிக்காமல் உலகறியச் சொன்னார். உடனே ஏராளமான பெண்கள் பரிசோதனைக்குக் கிளம்பினார்கள். உப ஜனாதிபதியாக நியமிக்கப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவியும் தம் மார்பைத் தடவிப் பார்த்துக் கட்டியைக் கண்டு சில வாரங்களில் சிகிச்சை பெற்றார். ஃபோர்டு அம்மையார் 2011இல், தமது 93ஆவது வயதில்தான் காலமானார். ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாததை, "எனக்கு வந்தது, பிழைத்தேன்" என்ற ஒரு சொல் செய்தது.

இங்கும் பிழைத்த பெண்கள் மற்றப் பெண்களுக்குச் சொல்ல முன்வருகிறார்கள். நோகாத கட்டியும், தோல் குழிவதும், காம்பு உள்ளே இழுப்பதும், அதில் ரத்தம் கசிவதும் அலட்சியம் செய்யத்தக்கவையல்லவென்றும், பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயல்லவென்றும், ஆனால் அதை வைத்தியரே சொல்ல வேண்டுமென்றும் சொல்லுகிறார்கள். இதில் என்ன ஆபாசம்? ஆனால் வீட்டார், "வெளியில் தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை வரமாட்டானே" என்று அவர்கள் வாயை அடைக்கிறார்கள். பரம்பரையாய் வருவது பத்தில் ஒரு பங்குக்கு மேலில்லை. அப்படி வரக்கூடிய குடும்பமானால் அந்த மகளுக்கல்லவா முதலில் தெரிய வேண்டும்? மகளின் கலியாணத்துக்காகத் தாயைச் சாகவிடுவது எந்த ஊர் மானம்?

பெரிய இயந்திரம் வேண்டுமே என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. பம்பாயில் 1998இல் தொடங்கி, சுமார் 1,50,000 பெண்களை வைத்து 20 வருஷம் ஆராய்ந்தார்கள். பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்கொரு முறை கையால் பார்த்ததிலேயே, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்நோயால் வரும் சாவு சுமார் 30 சதவிகிதம் குறைந்தது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களைச் சர்க்கார் சுகாதார நிலையங்களில் பரிசோதிக்கத் திட்டமும் இருக்கிறது.

ஆகவே தோழர்களே! கோயிலுக்குக் கூட்டிப் போகும் வண்டியில் உங்கள் மனைவியையும் தாயையும் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பிழைத்து வந்த பெண்ணை மூலையில் உட்கார வைக்காமல், உங்கள் ஊர்க் கூட்டத்தில் மேடையேற்றிப் பேசச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவள் மார்பை இழந்து உயிரைக் காத்தவளல்ல. வெட்கத்தைக் காட்டி அவள் உயிரைக் கேட்கிற நம் சமூகமேயாகும்.