கல் நட்டால் மனை ஆகிவிடுமா?

விருத்தாசலத்திலிருந்து மேற்கே வேப்பூர் போய், திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் ஆவட்டி கூட்டு ரோடு, தொழுதூர் என்று மங்களூர் ஒன்றியத்து ஊர்கள் வரிசையாக வரும். மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளைகிற பூமி. நான்கு வழிச் சாலை வந்தபிறகு இந்த மாதிரி ஊர்களில் புதிதாக ஒரு பயிர் முளைத்தது. முழங்கால் உயரத்தில், வெள்ளையடித்து, தலையில் சிவப்புப் பெயின்ட் பூசிய கல். நாலு கல் நட்டால் ஒரு மனை!

இந்தச் சாலையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்தை விட்டு வெளியே வந்தாலும் இதே காட்சிதான். 2005-க்குப் பிறகு பத்து வருஷம், ஞாயிற்றுக்கிழமை காலை டி.வி.யைப் போட்டால் சீரியல் நடிகர்கள் காலி மனையில் நின்று கையை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இலவச வேன், மதியம் பிரியாணி, அன்றைக்கே அட்வான்ஸ் போட்டால் தங்கக் காசு.

"அக்கா, இன்னிக்கு ஆயிரம் ரூபா போட்டு வைங்க. அடுத்த மாசம் விலை ஏறிடும். பின்னாடியே காலேஜ் வருது, பைபாஸ் வருது..."

"பத்திரம் எப்பப்பா பண்ணித் தருவீங்க?"

"தவணை முடிஞ்சதும் உங்க பேர்லயே பண்ணிடலாம்க்கா. அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து வர்றப்போ மனை ரெடியா இருக்கும்."

இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பம் குறைவு. கடலூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் அனுப்பிய பணத்தில் நகையாக மாறியது போக மிச்சம் இப்படித்தான் மண்ணானது. மகள் கல்யாணத்துக்கு ஆகும், மகன் படிப்புக்கு ஆகும் என்று ஒரே மனையை மூன்று காரியத்துக்கு மனதுக்குள் விற்றுவைத்திருந்தார்கள்.

விற்றவருக்கு என்ன லாபம்? ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலைக்கு விட்டது போக 30,000 சதுர அடி தேறினால் 1,200 சதுர அடியில் 25 மனை. ஏக்கர் கணக்கில் வாங்கிய நிலத்தைச் சதுர அடிக் கணக்கில் விற்பதுதான் தொழிலின் சூட்சுமம். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வாங்கினால் சாலையை அகலமாக விட வேண்டும், பெரிய மனைப்பிரிவென்றால் பூங்காவுக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அதனால் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். வாங்குகிறவர்களும், அரசாங்க முத்திரை இருக்கிறதே என்று நம்பினார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சித் தலைவருக்குத் தனியாக அதிகாரம் கிடையாது என்பதை அந்த வேனில் யாரும் சொல்லவில்லை. பத்திரப் பதிவு அலுவலகமும் அப்போது அதைக் கேட்கவில்லை. பணம் கட்டினால் பதிவு நடந்தது.

2016 செப்டம்பர் 9-ம் தேதி அது நின்றது. வழக்கறிஞர் 'யானை' ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், அனுமதி பெறாமல் விளைநிலத்தைப் பிரித்து விற்கும் மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சரியாக இரண்டு மாதத்தில், நவம்பர் 8-ம் தேதி இரவு, ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதிக்கு மஞ்சள் பையில் ரொக்கம் என்று ஓடிக்கொண்டிருந்த தொழிலுக்கு அது இரண்டாவது அடி. அடுத்த வருஷம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது.

வேன்கள் நின்றன. பத்திர எழுத்தர்களின் பெஞ்சு காலியானது. புரோக்கர் வேலையை நம்பியிருந்த பையன்கள் வேறு வேலை தேடினார்கள். பத்திரம் ஆகாமல் தவணை மட்டும் கட்டி முடித்தவர்கள் பாடுதான் பெரும்பாடு. கையில் இருந்தது ரசீதுப் புத்தகம் மட்டும். பத்திரம் வைத்திருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்கப் போனால் பதிவாகாது, வீடு கட்டக் கடன் கேட்டால் வங்கி 'அப்ரூவல் எங்கே?' என்றது.

இதில் நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வாய்க்காலை மூடி, ஏரிக்கரையைக் கரைத்துப் போட்ட மனைகளும் அந்தக் கல்வரிசையில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையையும் கடலூரையும் என்ன பாடு படுத்தியது என்பது மறந்துபோகிற விஷயமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1925-ல் இதே கூத்து நடந்தது. சதுப்பு நிலத்தில் மனை பிரித்து, பார்க்காமலேயே முன்பணம் கட்டியவர்களிடம் ரசீதையே கைமாற்றி கைமாற்றி விற்றார்கள். மறு வருஷம் விற்பனை படுத்தது. செப்டம்பரில் மயாமியைப் புயல் அடித்தது. மீதி இருந்ததும் போயிற்று. அங்கே அவர்களுக்கும் பிரியாணி போட்டார்களா என்று தெரியவில்லை, ஆனால் ஊர் பார்க்க இலவச பஸ் விட்டார்கள்!

நம் ஊரில் கதவு முழுதாக மூடவில்லை. 2017 மே மாதம் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவாகி, ஒரு மனையாவது பதிவுப் பத்திரத்தில் விற்கப்பட்ட மனைப்பிரிவு என்றால் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். நீர்நிலை, புறம்போக்கு என்றால் முடியாது. முறைப்படுத்தாத மனைக்கு மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு கிடையாது என்றும் விதி சொன்னது. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. இதிலும் ஒரு சிக்கல். முதலில் மொத்த மனைப்பிரிவின் வரைபடத்துக்கு ஒப்புதல் வேண்டும், பிறகுதான் தனித்தனி மனைக்கு. பிரித்து விற்றவர் போனை எடுக்காத இடங்களில், மனை வாங்கியவர்களே ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ந்து போக வேண்டியிருந்தது. ஒருவர் துபாயில், ஒருவர் திருப்பூரில்!

செலவுக் கணக்கும் சுவாரஸ்யமானது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது பலரும் மகிழ்ந்தார்கள். அதே கையோடு பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனது. மூன்று லட்சம் மதிப்புள்ள மனைக்கு முன்பு முத்திரைத் தீர்வை 7, பதிவு 1, ஆக 24,000 ரூபாய். குறைத்த பிறகு 2,01,000-க்கு 11 சதவீதம், அதாவது 22,110. மிச்சம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. 2023 ஏப்ரலில் மதிப்பு பழையபடி ஏறியது, பதிவுக் கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. அதே மனைக்கு 27,000.

இப்போது மறுபடியும் பலகைகள் முளைக்கின்றன. இந்தமுறை 'டி.டி.சி.பி., ரெரா அப்ரூவ்டு' என்று பெரிய எழுத்தில். எண் போட்டிருந்தால் அதை ஆணையத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். முப்பது வருஷத்துக்குப் பாருங்கள். பட்டா யார் பேரில், தாய்ப்பத்திரம் எங்கே, அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு என்ன என்று கேட்டாலே பாதிப் புரோக்கர்கள் "அக்கா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிடுவார்கள்.

பழைய மனை கையில் இருக்கிறவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது மனையைத்தான். வருஷக்கணக்கில் போகாத இடத்தில் கல் இருக்கிறதா, பக்கத்து மனைக்காரர் வேலி நம் பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நிலத்தை விற்ற விவசாயியே அதில் மறுபடியும் மக்காச்சோளம் விதைத்திருப்பார். கோபப்பட வேண்டாம். எந்தக் கல் எங்கே இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.