சாகேயில் வோட்காவை ஊற்றாதீங்க!

போன ஹாலோவீனுக்கு நண்பர் வீட்டு பார்ட்டியில் ஒரு சாகே காக்டெய்ல் கொடுத்தார்கள். காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை, உள்ளே பாசிப்பச்சை நிறம், விளிம்பில் வெள்ளரித் துண்டு. "ரொம்ப லைட்டுப்பா, வெறும் அரிசி ஒயின்தான்" என்றார்கள். அதை நம்பி மூன்று குடித்த என் ரூம்மேட்டை பாத்ரூம் தரையிலிருந்து தூக்கி வர வேண்டியதாயிற்று. டிராகுலா வேஷம் வேறு. மறுநாள் விசாரித்தால், கோப்பைக்கு 45 மில்லி வோட்காவாம்!

என்னைக் கேட்டால் அது சாகே காக்டெய்லே இல்லை. வோட்காவுக்கு சாகே வாசனை காட்டியது, அவ்வளவுதான்.

அரிசி ஒயின் என்ற பேரும் பாதி தப்பு. திராட்சையில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. கோஜி என்ற பூஞ்சை அதைச் சர்க்கரையாக்க, அதே தொட்டியில் அதே நேரத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. கிட்டத்தட்ட 20 சதவீதம் வரை ஏறுவதை, பெரும்பாலும் தண்ணீர் சேர்த்து 15, 16க்கு இறக்குகிறார்கள். கின்ஜோ வகை என்றால் ஒவ்வொரு அரிசியிலும் 40 சதவீதமாவது தீட்டித் தள்ளியிருக்க வேண்டும். இத்தனை பாடும் எதற்கு? மூக்கருகே கொண்டு போனால் மட்டும் தெரிகிற ஒரு மெல்லிய பழ வாசனைக்கு. அதன் தலையில் கலர் சிரப்பையும் வோட்காவையும் கொட்டுவதற்குப் பேசாமல் மலிவு வோட்காவையே வாங்கலாமே, காசாவது மிஞ்சும்.

சரி, பேய் எஃபெக்ட் வேண்டாமா? வேண்டும். அதற்குத்தான் நிகோரி இருக்கிறது. நன்றாக வடிகட்டாமல் விட்ட சாகே, இயற்கையாகவே பால் மாதிரி வெள்ளை. பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் அடியில் தங்கியது கலந்துவிடும். குளிர்ந்த நிகோரி 75 மில்லி, எலுமிச்சைச் சாறு 10 மில்லி, இஞ்சி போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு 10 மில்லி. ஐஸோடு குலுக்கி வடித்து, மேலே 60 மில்லி சோடா. உரித்த லிச்சியின் குழியில் ஒரு ப்ளூபெர்ரியைச் செருகி உள்ளே போட்டால் கண்முழி ரெடி. (நுங்குக்குக் கண் வைத்த மாதிரி இருக்கும்.)

நிகோரி 15 சதவீதம் என்றால் இதில் சுத்த ஆல்கஹால் சுமார் 11 மில்லி. அந்த 45 மில்லி வோட்காவையும் சேர்த்தால் 29. இரண்டரை மடங்குக்கு மேல்! குடிக்கிறவருக்கு நாக்கில் வித்தியாசம் தெரியாது, இஞ்சியும் இனிப்பும் மறைத்துவிடும். என் கோபமே அங்கேதான். ஸ்ட்ராங்காகக் கொடுப்பது உங்கள் இஷ்டம், ஆனால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

புகை வரவேண்டும் என்று கோப்பைக்குள் டிரை ஐஸ் போடுகிற வேலையும் வேண்டாம். அது மைனஸ் 78 டிகிரி. ஒரு துண்டை விழுங்கினால் உள்ளே வெந்துவிடும். 2012ல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில், அதைவிடக் குளிரான திரவ நைட்ரஜன் கலந்த காக்டெய்லைக் குடித்த 18 வயதுப் பெண்ணுக்கு வயிற்றையே அகற்ற வேண்டி வந்தது.

சாகேயின் சொந்த ஊரிலேயே ஹாலோவீன் குடி தலைவலிதான். டோக்கியோவின் ஷிபுயாவில் 2019லிருந்து ஹாலோவீன் சமயத்தில் தெருவில் குடிக்கத் தடை. 2024 அக்டோபர் 1 முதல் வருஷம் முழுக்க இரவு நேரத் தடை. அக்டோபர் 1 ஜப்பானில் சாகே தினம் என்பது தனி காமெடி :-)

குடிக்காதவர்களுக்கு ஓரமாக கோக் பாட்டிலை நீட்டாதீர்கள். அதே கோஜியில் செய்கிற அமசாகே என்ற இனிப்புப் பானம் இருக்கிறது, கோஜியும் அரிசியும் மட்டும் போட்டதில் ஆல்கஹால் இல்லை. (சாகே கசடில் செய்கிற வகையில் கொஞ்சம் இருக்கும், லேபிளைப் பாருங்கள்.) கஞ்சியில் சர்க்கரை போட்ட ருசி. அதுவும் வெள்ளைதான். அதே இஞ்சி, அதே சோடா, அதே கண்முழி. இந்த வருஷம் என் ரூம்மேட் அதைத்தான் கேட்டிருக்கிறான்.