நாயைக் கடவுளாக்கிய இசைத்தட்டு

உரத்துப் பாடுவதெல்லாம் எதிர்ப்பாகிவிடும் என்றொரு மயக்கம் நம் இளைஞரிடையே வேரூன்றி வருகின்றது. தீவகத்துப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நாம் இதனை நாள்தோறும் காண்கின்றோம். குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்துநிற்கும் மாணவனின் காதிலே அமெரிக்க ஹெவி மெற்றல் இசை இரைகின்றது. கேட்டால், "இது புரட்சி இசை, சேர்" என்கின்றான். அவ்விசைமீது நமக்குப் பகையில்லை. புரட்சி என்னும் சொல்லை இத்துணை மலிவாக விலைபேசுவதற்கே நாம் உடன்படோம்.

ஆகவே ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு பேசுவோம். 1996ஆம் ஆண்டில் ஸ்லேயர் என்னும் அமெரிக்க மெற்றல் குழு, 'அன்டிஸ்பியூட்டட் அட்டிடியூட்' என்ற தட்டை வெளியிட்டது. ஏறக்குறைய முழுவதும் பிறர் பாடல்கள். பங்க் இயக்கத்தின் பாடல்கள். பங்க் என்பது என்ன? 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் எழுந்த இசை அது. கிற்றாரில் மூன்று சுரக்கூட்டுகள் தெரிந்தவன் எவனும் மேடையேறலாம், பெருங்கம்பனிகளின் தயவு வேண்டியதில்லை என்பது அதன் துணிபு. வொஷிங்டன் நகரத்து மைனர் திறெட் குழுவினர் தம் பாடல்களைத் தாமும் நண்பருமாகத் தொடங்கிய டிஸ்கோர்ட் என்னும் சிறு நிறுவனத்தின் மூலமே வெளியிட்டனர். அக்குழு 1983இல் கலைந்துபோயிற்று, நிறுவனமோ நிலைத்துவிட்டது.

ஸ்லேயர் இந்தப் பாடல்களிடம் வந்த வழியே நமக்கு ஐயத்தைத் தருகின்றது. முதலில் அவர்கள் பாட எண்ணியவை டீப் பேப்பிள், ஜூடாஸ் பிறீஸ்ற் போன்ற மூத்த றொக், மெற்றல் குழுக்களின் பாடல்கள். ஒத்திகையில் அவை சரிவரவில்லை. அதன் பின்னரே பங்க் பாடல்களை நாடினர். எனினும், அவர்களை முற்றிலும் அந்நியர் என்று தள்ளுவதும் நேர்மையன்று. கிற்றார் கலைஞர் ஜெப் ஹன்னமன் பங்க் இசையை உளமார நேசித்தவர். 1986இல் வந்த 'றெயின் இன் பிளட்' தட்டு முப்பது நிமிடமும் நிறையாதது. அதன் மூச்சிறைக்கும் வேகம் பங்க் கற்பித்த வேகம். ஆசானின் பெயரைச் சொல்லாமலே அன்று பட்ட கடனைத் தீர்த்தவர்கள், பத்தாண்டு கழித்து ஆசானின் பாட்டையே பாடப்போய் அதனைக் கெடுத்தார்கள்.

எவ்வாறு கெடுத்தார்கள்? விரலில் பிழையில்லை, தாளத்தில் பிழையில்லை. சொல்லிலேதான் பிழை. மைனர் திறெட்டின் பாடகர் இயன் மக்காய், கறுப்பின மாணவர் பெரும்பான்மையாயிருந்த பாடசாலையில் பயின்றவர். தோலின் நிறத்துக்காகத் தாம் பட்ட அடியை, 'வெள்ளையனாயிருத்தலே குற்றம்' எனப் பொருள்படும் தலைப்பில் 1981இல் பாட்டாக்கினார். அப்பாட்டில் அரசியல் முதிர்ச்சி இல்லை. அடிமை முறையின் நீண்ட நிழலை ஒரு பதின்பருவத்துச் சிறுவனின் மனக்குறையால் அளந்துவிட முடியாது. ஆயினும் அது அடிபட்டவனின் குரல். நிறத்தை வைத்து மனிதனை மதிப்பிடாதே என்பதே அதன் கருத்து என்று மக்காய் விளக்கியுள்ளார். ஸ்லேயர் பாடும்போது, முடிவில் 'வைட்' என்பது 'றைட்' ஆயிற்று. வெள்ளையனாயிருத்தல் குற்றம் என்றது, சரியாயிருத்தல் குற்றம் என்றாயிற்று! ஒரே எழுத்தொலி மாற்றத்தில், அடிபட்ட சிறுவன் போய்த் தன் நியாயத்தில் இறுமாந்த ஒருவன் வந்து நிற்கின்றான்.

இது தற்செயலா? அதே தட்டில் பங்கின் முன்னோடிகளாகிய ஸ்டூஜஸ் குழுவினரின் 1969ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றும் உண்டு. காதலியின் முன் தன்னை நாயாகத் தாழ்த்திக்கொள்ளும் ஒருவனின் பாட்டு அது. ஆங்கிலத்தில் நாயைக் குறிக்கும் சொல்லின் எழுத்துக்களைத் திருப்பிவைத்தால் கடவுளைக் குறிக்கும் சொல் வரும். ஸ்லேயர் திருப்பிவைத்தார்கள், உன் நாயாவேன் என்றவன் உன் கடவுளாவேன் என்கின்றான். மாற்றிய சொற்கள் இரண்டும் கீழே கிடந்தவனைத் தூக்கி அதிகாரபீடத்தில் அமர்த்துகின்றன. பங்க் பாடகன் தன் கேலிக்குத் தன்னையே முதற்பலியாக்குபவன். மெற்றலின் மேடைநாயகனுக்குத் தாழ நின்று பாடுவது கைவரவில்லை.

பிறர் பாட்டின் சொல்லைத் தொடவே கூடாது என்று பண்டிதர்போல் நாம் வாதிடவில்லை. கூத்து மெட்டுக்களுக்குப் புதுச்சொல் கட்டுவது நம்மவர்க்குப் புதிதா? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடினர். அக்காலத்துப் போராட்ட உணர்வில் விளைந்த என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடினார்கள். மெட்டு பழையது, சொல் புதியது. அச்சொல் வாசலில் மறிக்கப்பட்டவனின் சொல். அங்கே கூத்தின் மேன்மை குறைந்தது என்று சொன்னவர்கள் யாரென்பதும், அவர்கள் கோயிலின் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்பதும் நம் வாசகர் அறிந்தவை.

ஸ்லேயரின் மாற்றம் தம்மைப் புண்படுத்துகின்றது என்று மக்காய் வெளிப்படையாகவே கூறினார். அக்குழுவின் கெரி கிங்கோ, அது வெறும் வேடிக்கை என்றார். யாருக்கு வேடிக்கை? பாடசாலையில் அடிவாங்கியவர் கிங் அல்லர். அத்தட்டில் நமக்கு உயிருள்ளவையாகத் தோன்றுவன, ஹன்னமன் 1984இல் நண்பர்களுடன் பப் ஸ்மியர் என்ற சிறு குழுவுக்காக ஆக்கிய இரண்டு பாடல்களே. அவற்றில் எவருடைய சொல்லையும் திருத்தவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.