விமான நிலையத்தில் கிடைக்கும் லைசன் லயத்துக்கு வந்துசேர ஏன் இவ்வளவு காலம்?

2025 ஓகஸ்ட் மாதத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு புதிய கருமபீடம் இயங்குகிறது. இலங்கைக்கு வரும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர், இங்கு வாகனம் ஓட்டுவதற்கான தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரத்தை அங்கேயே பெற்றுக்கொள்ளலாம். முன்னர் அதற்காக அவர் வெரஹெர காரியாலயத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. இப்படி அனுமதி பெற்றவர்கள் வாடகை வாகனத்தில் ஹட்டன் – நுவரெலியா வீதியில், டெவோன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்தபடி திம்புள்ளயைக் கடந்து போகலாம்.

இதில் தவறு எதுவுமில்லை. அரசாங்கம் நினைத்தால் ஒரு சேவையை மக்கள் நிற்கும் இடத்துக்கே கொண்டுவர முடியும் என்பதைத்தான் இது காட்டுகிறது. அதே வீதியில் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் தோட்டத்து இளைஞனுக்கு மட்டும் அது ஏன் முடியவில்லை என்பதே கேள்வி.

இலகுரக வாகனங்களுக்கான அனுமதிப்பத்திரம் 8 வருடங்களுக்கும், கனரக வாகனங்களுக்கானது 4 வருடங்களுக்கும் செல்லுபடியாகும். அது முடிந்தால் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழைப் பெற வேண்டும். பின்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் காரியாலயத்துக்குச் சென்று, விண்ணப்பித்து, புகைப்படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். திம்புள்ளயில் இருப்பவருக்கு இது தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா கடந்து நுவரெலியா வரை செல்லும் பயணம். அவசரமாக, ஒரே நாளில் வேண்டுமென்றால் கினிகத்தேனை, கித்துல்கல வழியாக இறங்கி வெரஹெர வரை போக வேண்டியிருக்கலாம். அதற்கு விடிவதற்கு முன்பே புறப்பட வேண்டும். அன்றைய ஓட்டம் போய்விடும். ஆட்டோவுக்கு மாதாந்தத் தவணை கட்டுபவருக்கு ஒரு நாள் ஓட்டம் என்பது சிறிய கணக்கல்ல.

சாதாரண சேவையில் விண்ணப்பித்தால் கையில் கிடைப்பது ஒரு தற்காலிகக் கடதாசி. அட்டை பின்னர் தபாலில் வரும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது, டொலர் தட்டுப்பாட்டால் அட்டைகளை இறக்குமதி செய்ய முடியாமல் போய், நாடு முழுவதும் இலட்சக்கணக்கானோர் அந்தக் கடதாசியை மடித்து வைத்துக்கொண்டே வாகனம் ஓட்டினார்கள். நகரத்தவருக்கு அது அட்டைத் தட்டுப்பாட்டோடு முடிந்த பிரச்சினை. தோட்டத்தில் இருப்பவருக்கோ அட்டை அச்சாகிய பிறகுதான் அடுத்த பிரச்சினை தொடங்குகிறது.

அட்டை எந்த முகவரிக்கு வரும்? பல தோட்டங்களில் லயக் காம்பிராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. பெயர், பிரிவு, தோட்டம், தபால் நிலையம். அவ்வளவுதான். கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு மொத்தமாக வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படுகின்றன. ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருக்கும் பிரிவில் கடிதம் வேறு வீட்டுக்குப் போவது புதுமையல்ல. நேர்முகப் பரீட்சைக் கடிதங்களும் வங்கிக் கடிதங்களும் நாள் கடந்து கிடைத்த கதைகள் மலையகத்தில் ஏராளம். சாரதி அனுமதிப்பத்திரமும் இப்போது அந்தப் பைக்குள்தான் பயணம் செய்கிறது. காணி உரிமையைப் பற்றி 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று விவாதிக்கும் நமது அரசியல்வாதிகள், கதவுக்கு ஓர் இலக்கம் கொடுப்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. அதற்குக் காணிப் பத்திரம் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையுமில்லை.

அட்டை தொலைந்தால் நிலைமை இன்னும் சிக்கலானது. முதலில் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெற வேண்டும். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் தான் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்க முடியாத கடதாசியில் கையெழுத்திட்டு வருவது மலையகத்தில் இன்னும் சாதாரண அனுபவம்தான். எழுதப்பட்ட இலக்கம் ஒன்று பிழைத்தால், நுவரெலியாவில் வரிசையில் நின்று கருமபீடத்தை அடைந்த பிறகே அது தெரியவரும்.

இத்தனை அலைச்சலுக்கும் இடையில்தான் தரகர் நுழைகிறார். தரகர்களைப் பிடிப்பதாக அவ்வப்போது செய்திகள் வருகின்றன. ஆனால் தூரமும், படிவமும், மொழியும் அப்படியே இருக்கும்வரை தரகருக்கு வாடிக்கையாளர் குறையப்போவதில்லை.

விதிகளைத் தளர்த்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதெல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ், வான் ஒன்றுடனும் ஆட்டோவுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஆட்டோ சாரதியும் ஒருவர். இந்த வீதிகளில் ஓட்டுபவருக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், கண் பார்வை சரியாக இருக்க வேண்டும் என்பதை இப்பகுதி மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவில் பிரசவ வலி வந்தால் தோட்டத்தில் முதலில் தட்டப்படுவது ஆட்டோக்காரரின் கதவு. அவருடைய அனுமதிப்பத்திரம் காலாவதியாகியிருந்து, வழியில் விபத்தும் நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம். அப்போது உள்ளே இருந்த நோயாளியின் குடும்பமும் சேர்ந்தே தவிக்கும்.

இதே ஆட்டோவின் வருடாந்த வருமான உத்தரவுப்பத்திரத்தைப் புதுப்பிப்பது இவ்வளவு கடினமல்ல. காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால் பிரதேச செயலகத்தில் வேலை முடிந்துவிடும்; இணையத்திலும் எடுக்கலாம். அது மாகாண நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. சாரதி அனுமதிப்பத்திரமோ மத்திய அரசின் திணைக்களத்திடம் இருக்கிறது. ஒரே வாகனம், ஒரே சாரதி. ஒரு பத்திரம் அருகிலேயே கிடைக்கிறது, மற்றது மலையிறங்கிப் போகச் சொல்கிறது.

திணைக்களம் புதிய கட்டடம் எதையும் கட்ட வேண்டியதில்லை. மருத்துவப் பரிசோதனையையும் புகைப்படம் எடுப்பதையும் சேர்த்து, மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை தலவாக்கலையிலோ கொட்டகலையிலோ தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்களுடன் ஒரு நடமாடும் சேவையை நடத்தலாம். அச்சான அட்டையைத் தோட்டக் காரியாலயத்தின் பைக்கு அனுப்பாமல், விரும்புபவர்களுக்குப் பிரதேச செயலகத்திலோ தபால் நிலையத்திலோ வைத்து, தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். விண்ணப்பத்தில் தொலைபேசி இலக்கத்தை ஏற்கனவே வாங்கித்தான் வைத்திருக்கிறார்கள்.