ஆண்டு மலரில் சேரிப் பிள்ளை எதை எழுதுவது?

கல்லூரி ஆண்டு மலர் என்று ஒன்று வருகிறது, பார்த்திருப்பீர்கள். வழவழப்பான அட்டை. உள்ளே முதல்வர் செய்தி, செயலர் வாழ்த்து, என்.சி.சி. முகாம் படம், கோப்பை வாங்குகிற படம். அதற்கப்புறம் மாணவர் படைப்புகள். அம்மா பற்றிப் பதினைந்து கவிதை, நிலா பற்றிப் பத்து, தன்னம்பிக்கை பற்றிக் கணக்கே இல்லை. நடுவில் விடுகதை, சிரிப்பு. எங்கள் முசரவாக்கத்திலிருந்தும் பாலுசெட்டிசத்திரம் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் பஸ் பிடித்துக் காஞ்சிபுரத்துக் கல்லூரிகளுக்குப் போகிற பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி, கொஞ்ச காலமாக இந்த மலர்களைச் சேர்த்துப் படித்து வருகிறேன். இதையெல்லாம் எவனாவது படிப்பானா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நான் படிக்கிறேன். நம்ம பிள்ளைகளில் பலர் முதன்முதலாக அச்சில் ஏறுகிற இடம் அதுதான். பலருக்குக் கடைசி இடமும் அதுதான்.

படித்ததில் ஒன்று தெரிந்தது. மற்றத் தெருப் பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றி எழுதுகிறார்கள். பாட்டி வைத்த கொலு, வரதராசப் பெருமாள் கருட சேவைக்குத் தாத்தா தோளில் உட்கார்ந்து போனது, நாலு தலைமுறையாய் வீட்டில் ஓடுகிற தறி. நம்ம பிள்ளை நிலாவைப் பற்றி எழுதுகிறது. நிலாவுக்குத்தான் தெரு கிடையாது. பேருக்குக் கீழே வகுப்பு போட்டிருக்கும், துறை போட்டிருக்கும். ஆளைத் தேடினால் அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. 'சாதி தெரியாம எழுதறாங்களே, அதானே சமத்துவம்?' என்று என்னிடம் வாதாடினார் ஒரு நண்பர். ஒருத்தர் மட்டும் மறைக்க வேண்டியிருக்கிற சமத்துவம் என்ன சமத்துவமய்யா?

இது இன்று நேற்று வந்ததல்ல. நம்ம பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்துக்காரர், இரட்டைமலை சீனிவாசன். 1939ல் தன் வாழ்க்கையை 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று சின்னதாக எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூரில் படித்த காலத்தை அதில் சொல்கிறார். சுமார் நானூறு பேர் படித்த இடத்தில் ஒரு பத்துப் பேர் போக மிச்சமெல்லாம் பார்ப்பனப் பிள்ளைகள். யாரோடாவது பழகினால் வீடு எங்கே, குடும்பம் எது, சாதி எது என்று விசாரிப்பார்கள். தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள். ஆகவே வெளியில் எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். வகுப்பு கலைந்தால் மற்ற பசங்க வந்து ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிடுவாராம். 'கல்லூரி வாழ்க்கை' என்கிற தலைப்பில் நம்ம ஆள் தமிழில் எழுதினது என்று எதைக் காட்டுவாய் என்று யாராவது கேட்டால், நான் இந்தச் சில வரிகளைத்தான் காட்டுவேன். இதில் அரட்டை இல்லை, கேன்டீன் இல்லை, சிநேகிதன் இல்லை. மணி அடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு பையன் ஒளிகிறான், அவ்வளவுதான். அவர் பயந்தது அடிக்கு அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 'உங்க ஊர் எது, வூட்ல இன்னா சமையல்' என்கிற சாதாரணப் பேச்சுக்குப் பயந்திருக்கிறார். அப்படி ஒளிந்தவர்தான் 1893ல் 'பறையன்' என்றே பேர் வைத்துப் பத்திரிகை நடத்தினார்.

மலர்க்குழு கேட்கிற கேள்வியும் அதே சாதாரணப் பேச்சுத்தான். உங்கள் ஆர்வம் என்ன, உங்கள் பண்பாடு என்ன, எழுதித் தாருங்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் பற்றி ஒரு வரி எழுதினால் நம்ம பிள்ளையின் தெரு தெரிந்துவிடும். அப்பாவின் தொழிலை எழுதினால் தெரிந்துவிடும். விலாசம் எழுதினாலே தெரிந்துவிடும். ('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். ஆவணத்தில் போனது வாயிலிருந்து எப்போது போகும் என்பது வேறு கணக்கு.) அவர்களுக்கு ஆர்வம் வேறு, சாதி வேறு. நமக்கு ஆர்வத்தைச் சொன்னாலே சாதியைச் சொன்னதாகிவிடுகிறது.

எனக்கு நெருங்கின உறவுப் பையன் ஒருவன் தன் கல்லூரி மலருக்குப் பறையைப் பற்றி எழுதிக் கொடுத்தான். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். மாட்டுத்தோலைக் காயவைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது, அடிப்பதற்கு முன்னால் வைக்கோல் கொளுத்தி அனல் காட்டுவது, காய்ச்சினதும் சத்தம் எப்படி மாறுகிறது, சாவுக்கு என்ன அடி, சாமிக்கு என்ன அடி, எல்லாம் எழுதியிருந்தான். போட்டார்கள், போடவில்லை என்று சொல்ல முடியாது. 'எங்கப்பா அடிப்பார்' என்று அவன் எழுதின இடத்தில் 'கிராமங்களில் அடிப்பார்கள்' என்று அச்சாகியிருந்தது. சாவு பற்றின பத்தியே இல்லை. தலைப்பு, 'அழிந்துவரும் நாட்டுப்புறக் கலைகள்'. தன்மையில் எழுதினது படர்க்கையாகிவிட்டது. அப்பா காணாமல் போனார், கலை மட்டும் மிச்சம். அந்த அப்பா அந்த வாரம்கூட ஒரு சாவுக்கு அடித்துவிட்டுத்தான் வந்திருந்தார், கலை அழிந்துவருகிற விசயம் அவருக்குத் தெரியாது.

பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்து மலர் என்றால் பட்டின் பெருமை பற்றி ஒரு கட்டுரை வராமல் இருக்காது. 2005ல் புவிசார் குறியீடு கிடைத்ததை எழுதுவார்கள், ஜரிகையை எழுதுவார்கள், கோர்வை நெசவை எழுதுவார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் கோத்து நெய்வது கோர்வை. நெய்கிறவர் ஒருபக்கம் நாடா விட்டால் மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை ரொம்ப காலம் பிள்ளைக் கையாக இருந்தது என்பதை மட்டும் எழுத மாட்டார்கள். முன்பணம் வாங்கின வீட்டுப் பிள்ளை, கடன் தீருகிற வரைக்கும் தறியில் உட்கார வேண்டும். சேரிப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' 2003ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அப்படித் தறியிலிருந்து எழுந்து வந்து பட்டம் வாங்கினவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். கோர்வையைப் பற்றி எழுத அவர்களைவிடத் தகுதி யாருக்கு?

2019ல் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளினார். நாற்பது வருசத்துக்கு ஒருமுறை. ஊரே பிதுங்கியது. தரிசனக் கட்டுரை எழுத ஆள் நிறைய உண்டு. அந்தக் கூட்டத்தின் குப்பையை ராவும் பகலும் அள்ளின துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் எங்கெங்கோ கல்லூரியில் படித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அம்மா அந்த மாசம் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்பதும் அத்திவரதர் கட்டுரைதானே?

காஞ்சிபுரம் கல்விக்குப் பேர்போன ஊர் என்று பெருமை பேசுவார்கள். பேர்போனதுதான். பல்லவர் காலத்துக் கடிகைக்கு நாலாம் நூற்றாண்டில் படிக்க வந்த மயூரசர்மன், ஒரு பல்லவக் குதிரைவீரனோடு சண்டையாகி, படிப்பை விட்டு வாளெடுத்துக் கதம்ப அரசை உண்டாக்கினான் என்று கர்நாடகத்தில் தாளகுண்டாத் தூண் கல்வெட்டு சொல்கிறது. எங்க ஊருக்குப் பக்கத்திலேயே திருப்புட்குழி. அங்கே யாதவப்பிரகாசரிடம் படிக்கும்போது இராமானுசர் வாத்தியாரோடு முரண்பட்ட கதையை வைணவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவாள் வீட்டுப் பையன் வகுப்பில் சண்டை போட்டால் ஒன்று கல்வெட்டாகும், இல்லை புராணமாகும். நம்ம பையன் சண்டை போட்டால் டி.சி.

ஆகவே துணிந்து எழுது தம்பி, துணிந்து எழுது தங்கச்சி என்று மேடையில் சொல்லிவிட்டுப் போகலாம். நான் சொல்ல மாட்டேன். அகமதிப்பீட்டு மார்க் வாத்தியார் கையில் இருக்கிறது. 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தார்கள். பேர் போடாத ஒரு புகார்க் கடிதம் டில்லிக்குப் போனது, அது போதுமானதாக இருந்தது. நாடு முழுக்கச் சத்தம் கிளம்பின பிறகு ஜூனில் திரும்பக் கொடுத்தார்கள். அங்கே சத்தம் போட ஆள் இருந்தது. பாலுசெட்டிசத்திரத்தில் பஸ் ஏறுகிற முதல் தலைமுறைப் பெண்ணுக்கு யார் சத்தம் போடுவார்கள்? சென்னை சட்டக் கல்லூரியை மறந்திருக்க மாட்டீர்கள். 2008 நவம்பர் 12. ஒரு பிரிவினர் ஒட்டின தேவர் ஜெயந்தி போஸ்டரில் கல்லூரியின் பேரிலிருந்த 'டாக்டர் அம்பேத்கர்' விடுபட்டது; அதிலிருந்து முற்றினது அன்று ரத்தமாக முடிந்தது. போஸ்டரில் விட்டுப்போன ஒரு பேருக்கே அவ்வளவு என்றால், பதினெட்டு வயசுப் பிள்ளையைப் பார்த்து உன் பேரையும் தெருவையும் போட்டு எழுது என்று கட்டளையிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வேண்டியது தனிப் பக்கம். 1907ல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினபோது எவர் மலரிலும் இடம் கேட்டு நிற்கவில்லை. மராத்தியில் பாருங்கள். 1950ல் அம்பேத்கர் அவுரங்காபாத்தில் தொடங்கின மிலிந்த் கல்லூரியில் படித்த, கற்பித்த ஆட்களைச் சுற்றித்தான் அங்கே தலித் இலக்கியம் கிளைத்தது. கங்காதர் பான்தாவணே நடத்தின 'அஸ்மிதாதர்ஷ்' அந்த வட்டத்திலிருந்து 1960களின் கடைசியில் வந்ததுதான். நமக்கென்று கல்லூரி இல்லை, சரி. விடுதி இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதி என்று இருந்ததற்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பேர் வந்துவிட்டது. சாம்பாரும் மாறினால் சந்தோசம். அந்த விடுதிகளில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எத்தனை கதை பேசப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அதில் பத்தில் ஒரு பங்கு காகிதத்துக்கு வந்தால் போதும். கையால் எழுதி ஜெராக்ஸ் போட்டு மடித்துத் தைத்தால் இதழ். பேர் போட வேண்டாம், புனைபேர் போதும்.

இங்கேதான் நம்ம இயக்கத் தோழர்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை. விடுதிப் பிள்ளைகள் எழுதின காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், நம்ம ஆட்கள் முதலில் தேடுவது காயத்தை. எங்கே அவமானம், எங்கே கண்ணீர்? கிரிக்கெட் பற்றி எழுதினதைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். இளையராசா பாட்டைப் பற்றி ஒருத்தன் நாலு பக்கம் எழுதியிருந்தான், 'இதில் அரசியல் இல்லையே' என்றார் ஒரு தோழர். மலர்க்குழு வீட்டை மறைக்கச் சொல்கிறது, நாம் வீட்டைத் தவிர வேறெதையும் காட்டாதே என்கிறோம். பிள்ளை நடுவில் நிற்கிறது. ரோகித் வெமுலா எழுத ஆசைப்பட்டது விஞ்ஞானம். கார்ல் சேகன் மாதிரி விஞ்ஞான எழுத்தாளனாக வேண்டும் என்றிருந்தவர். நட்சத்திரங்களை நேசித்த அந்த ஆளை 2016 சனவரியில் இழந்துவிட்டு நாம் இன்று வரை அவர் சாவைப் பற்றித்தான் பேசுகிறோம், அவர் ஆர்வத்தைப் பற்றிப் பேசினது எத்தனை பேர்? பாபாசாகேப் 25 வயசு மாணவனாக 1916 மே 9ல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையைப் பாருங்கள். சாதி எப்படி உண்டாகிறது, எப்படித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அகமணம் என்ன வேலை செய்கிறது என்று தர்க்கம் போகிறது. தன் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையை அவர் அங்கே எடுத்துப் போகவில்லை. அதை எழுத வேண்டிய வேறொரு சமயத்தில் எழுதினார். எதை எப்போது எழுதுவது என்பது எழுதுகிறவர் கையில் இருந்தது. ராஜ் கௌதமன் 2002ல் 'சிலுவைராஜ் சரித்திரம்' கொண்டுவந்தாரே, படிப்பும் வேலை தேடலுமாய் அத்தனை அடிபட்டும் அதில் என்ன சிரிப்பு! நம்ம பசங்களுக்கு அந்த நக்கல் விடுதி வராந்தாவிலேயே இருக்கிறது. அதை அழுகையாகத் திருத்திக் கொடுக்கிற வேலையை நாம் செய்ய வேண்டாம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கையெழுத்து இதழ் கொண்டுவந்தார்கள், பதினாறு பக்கம். பேசினது ஒன்றே ஒன்று: எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதினதையும் தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாற்றக்கூடாது. இரண்டாம் இதழுக்கு இதுவரை மூன்று வந்திருக்கிறது. ஒன்று, பஸ் படிக்கட்டில் தொங்குகிற பசங்களை உள்ளே நிற்கிற பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு பெண் எழுதினது. படித்த பசங்க இரண்டு நாளாய்ப் பேச்சில்லாமல் திரிகிறார்கள். ஒன்று, சந்திர கிரகணக் கணக்கு. மூன்றாவது அந்தப் பறைக் கட்டுரை, வெட்டின பத்தியோடு முழுசாக. எழுதின பையன் இந்தத் தடவை புனைபேர் வேண்டாம், தன் பேரையும் அப்பா பேரையும் ஊரையும் போடச் சொல்கிறான். அவன் பரீட்சை முடிய இன்னும் ஒரு பருவம் இருக்கிறது. போடலாமா, அதுவரை நிறுத்திவைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அப்பாவைக் கேட்டோம். போடுங்க, ஆனா சாவு மேளத்துக்கு எழுதியிருக்கிற அடி தப்பு, அதைத் திருத்திட்டுப் போடுங்க என்றார்.