ஆளை மாற்றலாம், ஆண்டுகளை மாற்ற முடியுமா?



கேமரன் மலைக் குளிரிலும் சில செய்திகள் சூடாகத்தான் வந்து சேர்கின்றன. 2025 நவம்பர் 15-ஆம் தேதி வந்த செய்தி அப்படிப்பட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டது! கம்போங் ராஜா ஒட்டுக்கடையில் தேநீர் ஆறிப்போகும்வரை இதே பேச்சு. "ஆளுக்கு ஆள் மாத்திக்க இது என்ன மாட்டுச் சந்தையாண்ணே?" என்று ஒரு தம்பி பொருமினான். "அணி ஜெயிக்க வேணாமாடா? அவருக்கும் வயசாகுதில்ல?" என்றார் ஒரு பெரியவர். இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அதைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

கிரிக்கெட் பார்க்காத தாய்மார்களுக்காக முதலில் சிறு விளக்கம். ரவீந்திர ஜடேஜா, குஜராத் மாநிலத்து ஜாம்நகர்க்காரர். பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார், ஓடிவரும் பந்தைத் தடுப்பதில் புலி. 2012-இல் ஏலத்தின் மூலம் சென்னை அணிக்கு வந்தார். அந்த அணி தடைபட்டிருந்த 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, 2025 வரை 12 பருவங்கள் அதற்காக ஆடினார். 2018, 2021, 2023 என மூன்று முறை கிண்ணம் வந்தபோதும் அவர் அங்கே இருந்தார்.

2023 இறுதியாட்டத்தை யாரால் மறக்க முடியும்? அகமதாபாத்தில் மழை பெய்து, ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிப் போனது. நம் நாட்டில் அப்போது விடியற்காலை. கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் வேண்டும். ஜடேஜா முதல் பந்தில் ஆறு, அடுத்ததில் நான்கு அடித்தார். எதற்கும் கலங்காத தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார். தூக்கம் கெட்டுப் பார்த்த நம் பிள்ளைகள், அந்த மகிழ்ச்சியோடேயே பெரட்டுக்குப் போனார்கள்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 2023-இல், சென்னைத் திடலில் ஜடேஜா மட்டையோடு இறங்கினால், "இவர் ஆட்டமிழந்தால் தோனி வருவாரே" என்று காத்திருந்தவர்களும் நம் ரசிகர்கள்தாம். தோனியின் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்தார்கள். அதை ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. சீக்கிரம் வெளியே போகட்டும் என்று காத்திருந்தவர்கள், அவர் ஒரேயடியாக வெளியே போனபோது கண்கலங்கினார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நம் பெரியோர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நிர்வாகத்தின் பக்கத்தையும் பார்ப்போம். 2025-இல் சென்னை அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்துக்கு வந்தது. 2025 நவம்பரில் தோனிக்கு வயது 44. அவருக்குப் பின் விக்கெட் காக்க ஆள் வேண்டும். 37-ஐ நெருங்கிய ஜடேஜாவையும், இங்கிலாந்தின் சாம் கரனையும் கொடுத்து, 31 வயது சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். சாம்சனுக்கு 18 கோடி ரூபாய். அதுவரை 18 கோடி வாங்கிய ஜடேஜாவுக்குப் புது இடத்தில் 14 கோடி. அங்கே ராஜஸ்தான் ரசிகர்களும் சும்மா இல்லை. 2021 முதல் தங்களுக்குத் தலைவராக இருந்த சாம்சனை இழந்த வருத்தம் அவர்களுக்கு. ஜடேஜாவுக்கோ அது பழைய வீடு. 2008-இல் ராஜஸ்தான் முதல் கிண்ணத்தை வென்றபோது அந்த அணியில் இருந்த சின்னப் பையன்தான் அவர்.

இதில் ஒரு நல்ல விதி உண்டு. விளையாட்டாளரின் சம்மதம் இல்லாமல் அவரை அங்கே மாற்ற முடியாது. எல்லா விளையாட்டிலும் இப்படி இல்லை. வட அமெரிக்கக் கூடைப்பந்தில், தனி ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு சிலரைத் தவிர, மற்றவர்களைக் கேட்காமலே மாற்றிவிடலாம். டொராண்டோ அணிக்கு ஒன்பது பருவங்கள் உழைத்த டிமார் டிரோசனை 2018 ஜூலையில் அப்படித்தான் சான் அண்டோனியோவுக்கு அனுப்பினார்கள். ஊரே கொதித்தது. அவருக்குப் பதிலாக வந்த கவாய் லெனர்டைக் கொண்டு 2019-இல் டொராண்டோ தன் முதல் கிண்ணத்தை வென்றது. கணக்கு சரியாகிவிட்டது. ஆனாலும், அதற்குச் சில மாதங்கள் முன்பு டிரோசன் எதிரணிக்காரராக அங்கே ஆட வந்தபோது, ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அணிக்குக் கிண்ணம் வேண்டும் என்பது வேறு, உழைத்தவனுக்கு நன்றி சொல்வது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்பர்களே, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வலி பணத்தைப் பற்றியது அல்ல. "இத்தனை வருஷம் உழைத்தவனை ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்பதே அந்தத் தம்பியின் கோபத்துக்குள் இருந்த கேள்வி. அது நம் குடும்பங்களுக்குப் பழகிய கேள்விதானே? ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், மரத்தோடும் மண்ணோடும் சேர்த்து நம்மவர் வாழ்வும் கைமாறியது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அந்த வேதனையில்தான் 1960-இல் துன் சம்பந்தன், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

ஜடேஜாவுக்குப் பேரம் பேச ஆட்கள் உண்டு. நமக்குச் சட்டம்தான் துணை. அதனால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வேலை செய்த தொழிலாளியை ஆள்குறைப்பில் நிறுத்தினால், ஓராண்டுக்கு 20 நாள் சம்பளம் வீதம் கொடுக்க வேண்டும். 12 ஆண்டு உழைத்தவருக்கு அது 240 நாள் சம்பளம். தோட்டம் கைமாறினால், புது முதலாளி ஏழு நாளுக்குள், பழைய சலுகைகளுக்குக் குறையாத வேலையைத் தர முன்வர வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால் உங்கள் பழைய சேவைக்காலமும் சேர்ந்தே கணக்காகும். தக்க காரணமின்றி மறுத்தால் நட்ட ஈடு கிடையாது. அவர் அப்படி வேலை தரவில்லையென்றால், பழைய முதலாளியும் புது முதலாளியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் அந்த ஈட்டுக்குப் பொறுப்பு. ஆகவே சம்பளச் சீட்டையும் வேலைக்குச் சேர்ந்த கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் ஆண்டுகளுக்கு அவைதான் சாட்சி.

சட்டம் தராத ஒன்றை நாமே தரலாம். பல்லாண்டு கொழுந்து பறித்த அக்காவோ, லாரி ஓட்டிய அண்ணனோ இடம் மாறிப் போகும்போது சும்மா அனுப்பிவிடாதீர்கள். ஒரு மாலை, ஒரு வேளைச் சாப்பாடு, இரண்டு நல்ல வார்த்தை போதும். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவர்கள் அருமையைச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.