மார்புக்குள் பூட்டிவைத்த நிரல்

ரத்தத்தில் மிதந்தபடி நோயைத் தேடும் நானோ கருவிகள் கம்பியில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காலம் வருகிறது என்று இந்த வாரம் ஒரு கட்டுரை படித்தேன். அவ்வளவு சிறிய ஆன்டெனாவுக்கு டெராஹெர்ட்ஸ் அலைதான் தோது. அதையும் உடம்பின் நீர் உறிஞ்சிச் சூடாகும். பாதுகாப்புக்கு அந்தக் கட்டுரை ஒதுக்கியது ஒரே வரி. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

நெஞ்சில் பொருத்தும் கருவிகளில் நடந்ததைத்தான் பார்த்துவிட்டோமே. துடிப்பு தறிகெட்டால் ஷாக் கொடுத்து மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் ஒன்றை 2008இல் கெவின் ஃபூவும் சகாக்களும் ஆய்வுக்கூடத்தில் மேசைமேல் வைத்துச் சோதித்தார்கள். ரேடியோ சாதனத்தை அருகில் கொண்டுபோய் நோயாளியின் பெயரைப் படித்தார்கள், சிகிச்சையை நிறுத்தினார்கள், ஷாக் கொடுக்கவும் வைத்தார்கள். இப்படி வெளியாள் நுழைய வழி இருந்ததால் 2017இல் அமெரிக்காவில் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிவந்தது.

நிரலை வெளியே காட்டாமல் பூட்டிய மென்பொருளைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்துவிட்டானே என்று வழக்கமான வாசகர்கள் அலுத்துக்கொள்ளலாம். கேரன் சாண்ட்லரின் கதையைக் கேட்டுவிட்டு அலுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க வழக்கறிஞர். இதயத் தசை தடித்துப்போகும் பிறவிக் கோளாறு. எந்த நேரமும் உயிர் போகலாம் என்பதால் டிஃபிப்ரிலேட்டர் வைக்கச் சொன்னார்கள். இதில் என்ன மென்பொருள் ஓடுகிறது என்று மருத்துவரிடம் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. கம்பெனிகளைக் கேட்டார், மூல நிரலைக் காட்ட ஒருவரும் சம்மதிக்கவில்லை. வேறு வழியின்றிப் பொருத்திக்கொண்டார். பிறகு கர்ப்பமானார். கர்ப்பிணிகளுக்கு நெஞ்சு படபடப்பது சகஜம். கருவிக்கு அது புரியவில்லை. ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, நன்றாக இருந்தவருக்கு ஷாக் கொடுத்தது. துடிப்பைக் குறைக்க மாத்திரை தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறவே திணறினார். உடம்பு அவருடையது, அதற்குள் இருந்துகொண்டு முடிவெடுக்கும் நிரலைப் பார்க்க மட்டும் அவருக்கு உரிமையில்லை.

இந்தச் சிக்கல் தீராமல், கண்ணுக்கே தெரியாத, திரும்ப எடுக்கவும் முடியாத கருவிகளை ரத்தக்குழாய்க்குள் விட யாருக்கும் அனுமதி தரக்கூடாது. எழுதிய நிரலைப் பொதுவில் வைக்கட்டும். மருத்துவர் படிக்கட்டும், நோயாளி விரும்பினால் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கட்டும்.

திறந்து காட்டினால் விஷமிகள் புகுந்துவிடுவார்கள் என்று கம்பெனிகள் பதில் சொல்கின்றன. 2008இல் அந்த ஆய்வாளர்கள் மூல நிரலில் ஒரு வரியைக்கூடப் பார்க்கவில்லை. காற்றில் போன அலையை ஒட்டுக்கேட்டே உள்ளே நுழைந்தார்கள்.